ரீபூட்டுக்குப் பிறகு எது நிற்கிறதோ, அதற்குத்தான் மதிப்பெண்

(கணினித் துறை மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இயங்குதளச் சான்றிதழ்த் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இயங்குதளங்கள் பல; அவற்றுக்கான சான்றிதழ்கள் அதைவிடப் பல. எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் தொட்டுக் காட்டினால், வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒரே ஒரு தேர்வை எடுத்துக்கொள்கிறேன். ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு. இஎக்ஸ் 200 என்பது அதன் எண். லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

மற்றத் தேர்வுகளோடு வைத்துப் பார்த்தால் இதன் குணம் புரியும். எல்பிஐ அமைப்பின் எல்பிஐசி-1 சான்றிதழுக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலவற்றுக்கு விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். காம்ப்டியாவின் லினக்ஸ் பிளஸ் தேர்விலும் அதிகபட்சம் 90 கேள்விகள். அங்கே கொஞ்சம் செய்முறையும் உண்டு. இவற்றில் நன்றாகப் படித்தவர் தேறிவிடலாம். ஆர்எச்சிஎஸ்ஏவில் கேள்வி என்று எதுவும் வராது, வேலைதான் வரும். 3 மணி நேரம் கொடுத்து, விர்ச்சுவல் மெஷின்களை உங்களிடம் ஒப்படைப்பார்கள். இந்தப் பயனரை உருவாக்கு, இந்த வட்டில் இவ்வளவு இடம் ஒதுக்கு, இந்தச் சேவையை இந்தப் போர்ட்டில் ஓடவிடு என்று ஒரு பட்டியல் இருக்கும். முழு மதிப்பெண் 300. தேற 210 வேண்டும்.

ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவின் செய்முறைத் தேர்வை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு இரும்புத் துண்டைக் கொடுப்பார்கள். வரைபடத்தில் இருக்கும் அளவுக்கு அராவிக் கொடுக்க வேண்டும். தேர்வாளர் வெர்னியரை வைத்து அளப்பார். எந்த அரம் எடுத்தாய், எந்தப் புத்தகம் படித்தாய் என்று கேட்க மாட்டார். இதுவும் அதே சாதிதான். நீங்கள் நூறு கட்டளை அடித்தீர்களா, பத்து அடித்தீர்களா, வரைகலைத் திரையில் சொடுக்கினீர்களா என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. கடைசியில் இயந்திரம் எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

தேர்வின் பாடப்பட்டியலைத் தரும் பக்கத்தில் ரெட் ஹேட் ஒரு குறிப்பையும் சேர்த்திருக்கிறது. நீங்கள் செய்த அமைப்புகள் எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும், யாரும் கைவைக்காமல், அப்படியே இருக்க வேண்டும் என்கிறது அது. பட்டியலை வரி வரியாக அடிக்கோடிட்டுப் படிக்கிற மாணவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்தத் தயாரிப்பும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். லினக்ஸில் பல வேலைகளை இரண்டு விதமாகச் செய்யலாம்: இப்போதைக்கு மட்டும், அல்லது நிலையாக. ஒரு சேவையை ‘ஸ்டார்ட்’ செய்தால் இப்போது ஓடும். ‘எனேபிள்’ செய்தால்தான் இயந்திரம் எழும்போது அதுவும் எழும். ஃபயர்வாலில் ஒரு போர்ட்டைத் திறந்தால் உடனே திறந்துகொள்ளும். ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் ரீபூட்டில் மூடிக்கொள்ளும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘பெர்மனென்ட்’ சேர்த்து அடித்தால் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுமே தவிர, அந்த நிமிடத்தில் போர்ட் திறக்காது. ‘ரீலோட்’ கொடுக்க வேண்டும். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் பூலியன் ஒன்றை மாற்றும்போது பெரிய எழுத்து ‘பி’யைச் சேர்க்க மறந்தால், அந்த மாற்றமும் ரீபூட்டோடு போய்விடும். ஸ்வாப் பகுதியை உருவாக்கி இயக்கிவிட்டு, எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுதாமல் விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு விதத்திலும் திரையில் தெரிவது ஒன்றுதான். சேவை ஓடுகிறது, பக்கம் திறக்கிறது, வட்டு தெரிகிறது. நீங்கள் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். தவறு நடந்தது உங்களுக்கே தெரியாது. மதிப்பெண் வரும்போது, “எல்லாம் சரியாகத்தானே செய்தேன், எப்படிப் போயிற்று?” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, “கடைசியாக எப்போது ரீபூட் செய்தாய்?” என்பதைத்தான்.

எஃப்எஸ்டேப் கோப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். இயந்திரம் எழும்போது எந்த வட்டுப் பகுதியை எங்கே பொருத்துவது என்பதை அது எட்சி அடைவில் இருக்கும் இந்தக் கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதில் ஒரு எழுத்து பிசகினால், இயந்திரம் பாதியில் நின்று எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். மற்றப் பிழைகள் அந்தந்த வேலைக்கான மதிப்பெண்ணை மட்டும் கொண்டுபோகும். இது மொத்தத்தையும் கொண்டுபோகும். எழாத இயந்திரத்தில் நீங்கள் அழகாக உருவாக்கிய பயனர்களை யார் போய்ப் பார்ப்பது? ஆகவே அந்தக் கோப்பைத் தொட்டால் மூடிய கையோடு ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையை ‘வெரிஃபை’ சேர்த்து ஓட்டுங்கள்; பிழை இருந்தால் சொல்லும். பிறகு எல்லாவற்றையும் பொருத்தச் சொல்லும் ‘மவுண்ட்’ கட்டளையை, சிறிய ‘ஏ’யோடு. அது ஸ்வாப்பைத் தொடாது. அதற்கு ‘ஸ்வாப்ஆன்’ தனியாக உண்டு. வட்டின் பெயரை எழுதாமல் யுயுஐடி எண்ணை எழுதுங்கள். பெயர் அடுத்த முறை மாறிவிடலாம். எண் அப்படியே இருக்கும்.

எமர்ஜென்சி நிலைக்குப் போய்விட்டாலும் உலகம் அழிந்துவிடாது. ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போய், தவறான வரியைத் திருத்தி, மறுபடி எழுப்பலாம். இதைத் தேர்வு மேசையில் முதல்முறையாகச் செய்யக் கூடாது என்பதுதான் விஷயம். வீட்டில் வேண்டுமென்றே எஃப்எஸ்டேப்பைக் கெடுத்து, இயந்திரத்தைக் கவிழ்த்து, மீட்டுப் பழகுங்கள். ஒரு தடவை கவிழ்த்து மீட்டவருக்கு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக் கை நடுங்காது.

கன்டெய்னர் பாடத்திலும் இதே கதைதான். ரெட் ஹேட் இயங்குதளத்தின் 9ஆம் பதிப்புக்கான தேர்வில் பாட்மேன் கொண்டு ஒரு சாதாரணப் பயனரின் பெயரில் கன்டெய்னரை ஓட்டி, அதை சிஸ்டம்டி சேவையாக்கச் சொல்வார்கள். எல்லாம் சரியாகச் செய்து சேவையை எனேபிளும் செய்துவிடுகிறார் மாணவர். ஆனாலும் ரீபூட்டுக்குப் பிறகு கன்டெய்னர் எழுவதில்லை. காரணம், பயனருக்கான சேவைகள் அந்தப் பயனர் உள்நுழையும்போதுதான் தொடங்கும், வெளியேறினால் நின்றுவிடும். ‘லாகின்சிடிஎல்’ கட்டளையால் அந்தப் பயனருக்கு ‘லிங்கர்’ வசதியைக் கொடுத்தால்தான், அவர் வந்தாலும் வராவிட்டாலும் சேவை ஓடும். இன்னொரு பொறியும் இருக்கிறது. ரூட்டாக இருந்துகொண்டு ‘எஸ்யூ’ அடித்து அந்தப் பயனராக மாறினால், அவருடைய சிஸ்டம்டி உங்களோடு பேச மறுக்கும். எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக அவராகவே உள்ளே போங்கள்; பேசும். இந்த இரண்டும் தெரியாமல் அரை மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

ஆகவே பழக்கம் இப்படி இருக்கட்டும். ஒரு வேலையைச் செய், சோதி, ரீபூட் செய், மறுபடி சோதி. முதல் வாரத்தில் இருந்தே இப்படி. “இப்போது படிப்போம், கடைசி வாரத்தில் ரீபூட் செய்து பார்க்கலாம்” என்றால் கை பழகாது. தேர்வில் ஒவ்வொரு வேலைக்கும் ரீபூட் செய்ய நேரம் இருக்காது. மூன்று நான்கு வேலைகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஆனால் கடைசி ரீபூட்டைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். ஏதாவது விழுந்துவிட்டால் தூக்கி நிறுத்த அவகாசம் வேண்டும். அரை மணி நேரம் மீதம் இருக்கும்போதே எல்லா இயந்திரங்களையும் ஒருமுறை அணைத்து எழுப்பி, வேலைப் பட்டியலை மேலிருந்து கீழாகச் சரிபார்த்துவிடுங்கள்.

பழகுவதற்கு இயந்திரம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இது நியாயமான கேள்வி. ரெட் ஹேட்டின் இயங்குதளத்துக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. மாணவர்கள் அதே குடும்பத்து சென்ட்ஓஎஸ்ஸை வைத்துப் படித்தார்கள். 2020 டிசம்பரில் சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8ஐ அடுத்த ஆண்டு இறுதியோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அதன் பலனாக நமக்கு இரண்டு நன்மை. ஒன்று, 2021இல் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன, இரண்டும் இலவசம். இன்னொன்று, அதே ஆண்டு ரெட் ஹேட் தன் டெவலப்பர் சந்தாவை விரிவாக்கி, தனிநபர் ஒருவர் 16 இயந்திரங்கள் வரை அசல் இயங்குதளத்தையே காசில்லாமல் நிறுவிக்கொள்ள அனுமதித்தது. ஒரு பதிவு போதும். அசலே கிடைக்கும்போது நான் அசலையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

உங்கள் மடிக்கணினியில் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டு, அதற்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை நிறுவுங்கள். ஒன்று போதாது. கோப்புகளை வலையமைப்பில் பகிர்வது, எஸ்எஸ்எச் சாவியால் உள்நுழைவது, நேரத்தைச் சரிசெய்துகொள்வது எல்லாமே இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு காலி வட்டைச் சேர்த்து வையுங்கள். நிறுவியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு என்ன உடைத்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கையில் ஸ்னாப்ஷாட் இருந்தால் துணிந்து உடைக்கலாம்; உடைக்காமல் இந்தப் பாடம் வராது.

இப்போது மேன் பக்கங்கள், அதாவது இயங்குதளத்தின் கையேட்டுப் பக்கங்கள். தேர்வில் இணையம் கிடையாது. கைக்குறிப்பும் கிடையாது. ஆனால் இயங்குதளத்தோடு வரும் ஆவணங்கள் எல்லாம் இயந்திரத்திலேயே இருக்கும். தாராளமாகத் திறந்து பார்க்கலாம். பலருக்கு இது ஒரு செய்தியாகவே படுவதில்லை. உலகத்தில் எத்தனை தேர்வுகளில் பாடப்புத்தகத்தை மேசையிலேயே வைத்துக்கொடுக்கிறார்கள்?

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தது. எழுதியவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும். இயங்குதளத்தை எழுதிய அதே இருவர். கட்டளையின் பெயர், எழுதும் முறை, விளக்கம் என்று அன்று அவர்கள் வகுத்த வடிவம் ஏறக்குறைய அப்படியே இன்றும் உங்கள் திரையில் வருகிறது. அந்தக் கட்டளையில் இருக்கும் குறைகளைச் சொல்லவும் முதல் பதிப்பிலேயே ஒரு பகுதி வைத்திருந்தார்கள். தங்கள் சரக்கின் குறையைத் தாங்களே எழுதிவைத்த அந்த நேர்மை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

மேன் பக்கத்தை முதல் வரியில் இருந்து படித்தால் தூக்கம்தான் வரும். அதைப் படிக்கும் முறை வேறு. திறந்ததும் பெரிய எழுத்து ‘ஜி’யை அழுத்திக் கடைசிக்குப் போங்கள். பல பக்கங்களில் எடுத்துக்காட்டுகள் அடியில்தான் இருக்கும். எஸ்இலினக்ஸில் ஒரு போர்ட்டைச் சேர்க்கும் கட்டளை நீளமானது. மனப்பாடம் செய்கிறவர்கள் நடுவில் ஒன்றை விட்டுவிடுவார்கள். ‘செமேனேஜ் போர்ட்’ என்ற மேன் பக்கத்தின் அடியில் வெப் சர்வருக்கு ஒரு போர்ட்டைச் சேர்க்கும் எடுத்துக்காட்டே முழுதாக இருக்கிறது. எண்ணை மட்டும் மாற்றினால் போதும். அடைவுகளுக்கான ‘எஃப்கான்டெக்ஸ்ட்’ பக்கமும் அப்படியே; அதில் வரும் அடைப்புக்குறி, புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி எல்லாம் எந்த வரிசையில் வரும் என்று யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. வலையமைப்புக்கு ‘என்எம்சிஎல்ஐ எக்ஸாம்பிள்ஸ்’ என்று எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒரு பக்கம் உண்டு. கட்டளையின் பெயரே மறந்துபோனால், மேன் கட்டளையோடு சிறிய ‘கே’ சேர்த்து, தேடும் சொல்லைக் கொடுங்கள். புதிதாக நிறுவிய இயந்திரத்தில் அது “ஒன்றும் இல்லை” என்று கைவிரிக்கலாம். ‘மேன்டிபி’ ஒருமுறை ஓட்டினால் அட்டவணை உருவாகிவிடும். பிறகு தேடினால் கிடைக்கும்.

ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை 1ஆம் பிரிவில். அதே பெயருள்ள கோப்பின் வடிவம் 5ஆம் பிரிவில். கிரான் அட்டவணையில் ஐந்து நட்சத்திரங்களில் எது நிமிடம், எது மணி என்று குழம்பினால் கட்டளையின் பக்கத்தில் தேடிப் பயன் இல்லை. 5ஆம் பிரிவைத் திறக்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் சிலர், “ஐயா, இந்த ஆங்கிலம் ஓடவில்லை” என்கிறார்கள். மேன் பக்கத்தின் ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலம் கிடையாது. ஒரே மாதிரி வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். இருபது பக்கம் பொறுமையாகப் படித்தால் அதன் நடை பிடிபட்டுவிடும். அடிப்படையைத் தமிழில் பிடித்துக்கொள்ள விரும்பினால், கணியம் என்ற தமிழ்த் தளம் வெளியிட்டிருக்கும் லினக்ஸ் மின்னூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் தொடங்கி மேன் பக்கத்துக்கு வாருங்கள். ஆனால் வந்தாக வேண்டும்.

அடுத்தது எஸ்இலினக்ஸ். இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இந்த அரங்கில் இருப்பார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் பொதுவில் வெளியிட்டது இது. வழக்கமான அனுமதிகள் எந்தப் பயனர், எந்தக் கோப்பு என்று பார்க்கின்றன. எஸ்இலினக்ஸ் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த புரோகிராம் இந்த வகைக் கோப்பைத் தொடலாமா? வெப் சர்வருக்குள் ஒருவன் புகுந்துவிட்டாலும், வெப் பக்கங்களுக்கு என்று முத்திரை குத்திய கோப்புகளைத் தாண்டி அவனால் எளிதில் போக முடியாது. வேலை ஓடவில்லை என்றால் எஸ்இலினக்ஸை அணைத்துவிடு என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்வார்கள். வேலையிலும் அது தவறான அறிவுரை. தேர்விலும் அதோடு கதை முடிந்தது. எஸ்இலினக்ஸ் விழித்திருக்கும்போதே சேவை ஓடியாக வேண்டும்.

பயப்பட ஒன்றும் இல்லை. தேர்வுக்கு வேண்டியது மூன்று கைவேலைதான்: கோப்பின் முத்திரையைச் சரிசெய்வது, போர்ட்டுக்கு அனுமதி கொடுப்பது, பூலியனைத் திருப்புவது. முத்திரை விஷயத்தில் மட்டும் கவனம். ‘சிஎச்கான்’ என்று ஒரு கட்டளை உண்டு, சட்டென்று முத்திரையை மாற்றும், சேவையும் ஓடிவிடும். ஆனால் முழு முத்திரையையும் புதுப்பிக்கும் வேலை ஒருமுறை நடந்தால் பழையபடி ஆகிவிடும். ‘செமேனேஜ்’ கொண்டு விதியை எழுதிவைத்து, ‘ரீஸ்டோர்கான்’ கொண்டு அதை நடைமுறைப்படுத்தினால்தான் நிற்கும். மறுபடியும் அதே பேச்சுதான், இப்போதைக்கா, நிலையாகவா என்று.

இதோடு பிணைந்தது ரூட் பாஸ்வேர்டு மறந்துபோன இயந்திரத்தைத் திறக்கும் பாடம். பூட் நிரலை இடைமறித்து, கெர்னல் வரியின் கடைசியில் ‘ஆர்டி புள்ளி பிரேக்’ சேர்த்து, உள்ளே போய், கோப்பு முறைமையை எழுதக்கூடியதாக மாற்றி, பாஸ்வேர்டை மாற்றுவது. எல்லோரும் இந்த வரிசையை மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். கடைசியில் ‘புள்ளி ஆட்டோரீலேபல்’ என்ற வெற்றுக் கோப்பை உருவாக்க வேண்டும் என்பதை ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். அந்த நிலையில் எஸ்இலினக்ஸின் கொள்கை இன்னும் ஏற்றப்படவில்லை. பாஸ்வேர்டை மாற்றும்போது ஷேடோ கோப்பு புதிதாக எழுதப்படுகிறது, சரியான முத்திரை இல்லாமல். இயந்திரம் எழுந்ததும் எஸ்இலினக்ஸ் அந்தக் கோப்பைப் படிக்க விடாது. பாஸ்வேர்டு சரி, ஆனால் உள்ளே போக முடியாது! அந்த வெற்றுக் கோப்பைப் பார்த்துத்தான் இயந்திரம் எல்லா முத்திரைகளையும் புதுப்பிக்கிறது. காரணம் தெரிந்தவருக்கு அந்தப் படி மறக்காது. ரூட்டுக்குள் போகவே முடியாவிட்டால் அந்த இயந்திரத்தில் மற்ற எந்த வேலைக்கும் கைவைக்க முடியாது என்பதால், இந்த ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகச் சொல்வேன்.

வட்டுப் பாடத்தில் எல்விஎம் முக்கியம். அங்கே அளவுகளைக் கவனியுங்கள். “8 எம்பி எக்ஸ்டென்ட் உள்ள குழுவில் 100 எக்ஸ்டென்ட்டுக்கு ஒரு பகுதி” என்றால் 800 எம்பி. கணக்கு அவ்வளவுதான், ஆனால் குழுவை உருவாக்கும்போதே எக்ஸ்டென்ட் அளவைச் சொல்ல மறந்தால் அது தானாக 4 எம்பி என்று வைத்துக்கொள்ளும். பகுதியைப் பெரிதாக்கும்போது சிறிய ‘ஆர்’ சேர்த்தால் உள்ளே இருக்கும் கோப்பு முறைமையும் சேர்ந்து விரியும். சேர்க்காவிட்டால் வெளிச்சுவர் மட்டும் நகரும். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியாது. ஆகவே அளவைக் கூட்டி எழுதிவிட்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

பயனர்கள், குழுக்கள், அனுமதிகள், கோப்பு தேடல், டார், கிரான், சிறு ஷெல் ஸ்கிரிப்ட் இவற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எளிய பாடங்கள், ஆனால் மதிப்பெண் இங்கேதான் சுலபமாகக் கிடைக்கும். விஐ எடிட்டரில் தடுமாறுகிறவர்கள் மட்டும் ‘விம்டியூட்டர்’ என்று அடித்து, அது சொல்லும்படி அரை மணி நேரம் உட்காருங்கள்.

இனி ஒரு கசப்பான விஷயம். “டம்ப்ஸ் இருக்கிறதா சார்?” என்று கேட்காத மாணவர் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பழைய தேர்வின் வேலைப் பட்டியல் என்று ஒன்றை வாங்கி, அதற்கான கட்டளைகளை வரிசையாக மனப்பாடம் செய்வது. முதலில் இது ஒப்பந்த மீறல். தேர்வின் உள்ளடக்கத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வுக்கு உட்காருகிறார்கள். மீறினால் சான்றிதழையே பறிக்க முடியும். அதை விடுங்கள், பயனாவது உண்டா? மனப்பாடம் செய்தவர் ஒரு வட்டின் பெயர் மாறியிருந்தால் நின்றுவிடுகிறார். தப்பித் தவறித் தேறிவிட்டாலும், வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் எழாமல் நிற்கும்போது, அந்தப் பட்டியல் கூட வராது. டம்ப்ஸை விற்பவர்களைவிட, அதை வகுப்பிலேயே கொடுத்து “இதைப் படித்தால் போதும்” என்று சொல்லும் பயிற்றுநர்கள் மீதுதான் எனக்குக் கோபம். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களே அந்த வேலையைக் கைகழுவிவிடுகிறார்கள்.

பழைய காணொளிகளிலும் எச்சரிக்கை தேவை. ரெட் ஹேட்டின் 7ஆம் பதிப்பு 2014இல், 8 2019இல், 9 2022இல், 10 2025இல் வந்தன. தேர்வின் பாடமும் கூடவே மாறுகிறது. 8ஆம் பதிப்பில் இருந்த ஸ்ட்ராடிஸ், விடிஓ பாடங்கள் 9இல் இல்லை. வலையமைப்புக்கு ‘ஐஎஃப்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் கோப்புகளைத் திருத்தச் சொல்லும் பாடங்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. 9இல் புதிய இணைப்புகள் அந்த வடிவத்தில் எழுதப்படுவதே இல்லை. நீங்கள் எழுதப்போகும் பதிப்பின் பாடப்பட்டியலை ரெட் ஹேட்டின் தளத்தில் இருந்து அச்செடுத்து, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். அதில் இல்லாதது எவ்வளவு சுவையாக இருந்தாலும் தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு ரெட் ஹேட் தரும் லைவ் யுஎஸ்பியைக் கொண்டு உங்கள் கணினியை எழுப்ப வேண்டும். வெப்கேமரா வழியாக மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் கணினி இதற்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்வு நாளுக்கு விடாதீர்கள். நம் ஊர் மின்வெட்டையும் மனத்தில் வையுங்கள். தேர்வு மையத்துக்குப் போக வசதி இருந்தால் போய்விடுவதே மேல்.

தேர்வு தொடங்கியதும் வேலைப் பட்டியல் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். எந்த வேலை எந்த இயந்திரத்தில் என்பதைக் கண்ணால் பாருங்கள். சரியான வேலையைத் தவறான இயந்திரத்தில் செய்தால் மதிப்பெண் இல்லை. பெயர்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். ஒரு வேலை பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 300க்கு 210தான் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவு மூன்று வேலைநாட்களுக்குள் மின்னஞ்சலில் வந்துவிடும். எந்தப் பாடத்தில் எத்தனை சதவீதம் என்பதும் அதில் இருக்கும். தவறியவர்கள் எங்கே சறுக்கினோம் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

கட்டணம் நம் மாணவர்களுக்குச் சிறிய தொகை இல்லை. பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேதி பதிவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். குறிப்புகளை மூடிவையுங்கள். பாடப்பட்டியலில் இருந்து நண்பர் ஒருவரை இருபது வேலைகள் எழுதித் தரச் சொல்லி, புதிதாக நிறுவிய இரண்டு இயந்திரங்களில் 3 மணி நேரத்துக்குள் முடியுங்கள். முடித்ததும் இரண்டையும் ரீபூட் செய்து, அந்த நண்பரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பத்தில் எட்டு நின்றால் பணத்தைக் கட்டுங்கள். நிற்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.